குழந்தைகளுக்குக் காட்டும் முதுமை

குழந்தைகளுக்கென்று எழுதப்படும் பெரியோர் சரிதைகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் ஒரே ஏற்பாடுதான் காணப்படும். நாயகன் பிறக்கிறான், பள்ளியில் புத்திசாலியாக விளங்குகிறான், வாலிபத்தில் அருஞ்செயல் புரிகிறான். அதற்குப் பின் நாற்பது ஆண்டுகளோ ஐம்பது ஆண்டுகளோ ஒரே பக்கத்தில் கழிந்துவிடுகின்றன. நரைத்த தலையும் சாய்வு நாற்காலியுமாக ஒரு படம், காலமான தேதி, அத்துடன் புத்தகம் முடிந்தது. இதைப் படிக்கும் சிறுவன் தெரிந்துகொள்வது யாது? முதுமை என்பது ஒன்றும் நடவாத கடைசிப் பக்கம் என்பதே. திண்ணையில் அமர்ந்திருக்கும் தன் பாட்டனாரையும் அவன் அவ்வாறே எண்ணத் தலைப்பட்டால் குற்றம் அவனுடையதன்று.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் சமீப காலத்தில் வெளிவந்திருக்கும் சில சித்திர சரிதைகள் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கியிருக்கின்றன. இது குழந்தைகள் விஷயந்தானே என்று அரசியல் தொண்டர்கள் தள்ளிவிட வேண்டாம். அவற்றுள் தலைசிறந்தது, அடிமையாய்ப் பிறந்த ஒரு மாதின் சரிதை.

மேரி வாக்கர் அம்மையார் 1848-ல் அலபாமா ராஜ்யத்தில் பிறந்தார். கறுப்பர் எவருக்கேனும் எழுத்துக் கற்பிக்க முயல்வோர் 250 டாலருக்குக் குறையாமல் அபராதம் செலுத்தவேண்டுமென்று அந்த ராஜ்யத்தில் 1832-லேயே சட்டம் செய்திருந்தனர். எழுத்தறிந்த அடிமையிடம் எஜமானர்களுக்கு அவ்வளவு அச்சம்! விடுதலை வந்தபின் அவருக்கு ஒரு பைபிள் கிடைத்தது. படிக்கத் தெரியாமலே அதைப் பல்லாண்டுகள் போற்றி வைத்திருந்தார். உழைப்பிலேயே காலம் சென்றது. மூன்று புதல்வர்களும் அவருக்கு முன்பே மாண்டனர். அதன் பின்னர், டென்னஸி ராஜ்யத்தின் சட்டனூகா நகரில் ஓர் எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்து, 116-ஆவது வயதில் படிக்கக் கற்றுக்கொண்டார். 1969-ல் 121-ஆவது வயதில் காலமானார்.

இந்த வயதுக் கணக்கைக் குறித்துச் சிலர் ஐயுறலாம். ஆனால் 1850, 1860-ஆம் ஆண்டுகளின் ஜனக் கணக்கில் அடிமைகளின் பெயரைக்கூடப் பெரும்பாலும் பதியவில்லை. எஜமானன் பெயருக்குக் கீழ் வயதையும் பாலையும் நிறத்தையும் குறித்ததோடு நிறுத்திக்கொண்டனர். அன்று கணக்கு வைக்க மறுத்தவர்களின் வழிவந்தோர் இன்று அத்தாட்சி கேட்பது நமக்கு நகைப்பையே தருகிறது.

இவ்வரலாற்றை ரீட்டா லோரைன் ஹப்பர்ட் எழுதி 2020-ல் வெளியிட்டார். அம்மையாரின் நடுவயதைப் பற்றிச் செய்தி கிடைக்காத இடங்களைக் கற்பனையால் நிரப்பியதாக நூலாசிரியையே கூறிவிடுகிறார். அந்த நேர்மையை நாம் மெச்சுகிறோம். நூலின் உண்மையான சிறப்பு வேறொன்று. 116 வயது மூதாட்டி செய்யும் காரியமும், புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் ஆறு வயதுக் குழந்தை செய்யும் காரியமும் ஒன்றே. இருவரும் எழுத்துக் கூட்டுகின்றனர். ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கின்றனர். பெரியோரை மதி என்று நூறுமுறை உபதேசித்தாலும் உண்டாகாத உறவு இங்கே தானாகவே உண்டாகிறது.

அதே அலபாமாவில் 1853-ஐ ஒட்டி அடிமையாகப் பிறந்த பில் டிரெய்லர் வாழ்நாள் முழுதும் உழவுவேலை செய்தவர். முதுமையில் மான்ட்கமரி நகரத்துக்கு வந்து தெருவோரத்தில் உட்கார்ந்து, எறியப்பட்ட அட்டைத் துண்டுகளில் பென்சிலால் வரையத் தொடங்கினார். அப்பொழுது வயது ஏறக்குறைய 85. 1939 முதல் 1942 வரையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சித்திரங்கள்! கோவேறு கழுதை, நாய், குடியானவன் என்று பண்ணையில் கண்டதெல்லாம் அட்டையில் ஏறின. டான் டேட் 2012-ல் எழுதிய படப் புத்தகம் முதியவரின் ஞாபகத்தையே மூலதனமாகக் காட்டுகிறது.

எம்மா கேட்வுட் என்ற, பதினொரு மக்களைப் பெற்ற தாயார், 1955-ல் தம் 67-ஆவது வயதில் கையால் தைத்த ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அப்பலேச்சிய மலைப்பாதையில் 2,000 மைலுக்குமேல் தனியே நடந்த கதைக்கும் 2018-ல் ஒரு சித்திர சரிதை வந்திருக்கிறது. ஆயினும் நம் வாசகர்களுக்கு அதனினும் உவப்பான நடை ஒப்பல் லீ அம்மையாருடையதே. டெக்ஸாஸ் அடிமைகளுக்கு விடுதலைச் செய்தி இரண்டரை ஆண்டு தாமதித்து, 1865 ஜூன் 19-ல்தான் எட்டியது. அந்நாளைத் தேசம் முழுதும் கொண்டாட வேண்டுமென்று, 2016-ல் 89 வயதான இந்த அம்மையார் போர்ட் வொர்த்திலிருந்து வாஷிங்டனை நோக்கிப் புறப்பட்டு, ஊர் ஊராக இரண்டரை மைல் வீதம் நடந்தார். 1939-ல் இதே ஜூன் 19-ல் வெள்ளையர் கும்பல் அவருடைய பெற்றோரின் வீட்டைச் சூறையாடியபோது அவருக்கு 12 வயது. 2021-ல் அது தேசிய விடுமுறை நாளாயிற்று. மறு ஆண்டே சரிதையும் வெளிவந்தது.

இவற்றில் நமக்கு ஒரு குறையும் தோன்றுகிறது. மலை ஏறினாலும் சட்டத்தை மாற்றினாலும்தான் முதியவருக்கு மதிப்பு என்று குழந்தை எண்ணிவிடக் கூடாதல்லவா? ஒன்றும் சாதிக்காமல் கூடத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும் பாட்டிக்கு எந்தப் புத்தகத்தில் இடம்? மேரி வாக்கர் சரிதையை ஏனையவற்றுக்கு மேலாக நாம் வைப்பது இதனால்தான்.

காந்தியடிகளின் தண்டி யாத்திரையைக் குறித்தும் 2013-ல் அமெரிக்காவில் ஒரு சித்திரப் புத்தகம் வந்தது. 1930-ல் கடலை நோக்கி நடந்தபோது அவருக்கு வயது 60. தமிழ்க் குழந்தைகள் அவரைக் காந்தித் தாத்தா என்றே அழைக்கின்றனர். கண்ணாடியையும் தடியையும் வரையத் தெரியாத குழந்தை இல்லை. ஆனால் அந்தத் தாத்தா தம் 77-ஆவது வயதில், 1947-ன் தொடக்கத்தில், கலகத்தால் சிதைந்த நவகாளிக் கிராமங்களில் வெறுங்காலோடு நடந்ததை எத்தனை குழந்தைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்? அங்குள்ள ஒடுங்கிய மூங்கில் பாலங்களைக் கடப்பதற்கு அவர் நடந்து நடந்து பழகிக்கொண்டார். அந்த ஜனங்களின் பாஷையை அறியவேண்டி நாள்தோறும் வங்காளி எழுத்துக்களை எழுதிப் பழகினார். அப்பாடத்தை அவர் பின்னரும் விடவில்லை; 1948 ஜனவரி 30-ந் தேதியன்றும் எழுதினார்.