பிள்ளைகள் நாய் வளர்க்க ஆசைப்பட்டால்... பெற்றோர் யோசிக்க வேண்டியவை

பள்ளி விட்டு வந்த மகன், தெருவோரம் கிடந்த நாய்க்குட்டியைக் கையில் ஏந்தியபடி வாசலில் நிற்கிறான். "இத நாம வளக்கலாமா?" என்று கேட்கிறான். மாதனூர், ஆம்பூர் வட்டாரத்தில் பல முஸ்லிம் வீடுகள் இந்தக் கேள்வியைச் சந்தித்திருக்கும். "நஜீஸ், தூக்கிப் போடு" என்று அதட்டுவது சரியல்ல. அழுகிறானே என்று உடனே தலையாட்டுவதும் சரியல்ல. பதில் சொல்லும் முன் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய சில கேள்விகள் உள்ளன.

எதற்காக வளர்க்கிறோம்?

வேட்டை, கால்நடைக் காவல், விவசாயக் காவல் ஆகிய தேவைகள் இன்றி நாய் வளர்ப்பவரின் நன்மையிலிருந்து தினமும் ஒரு கீராத் குறையும் என்றும், மற்றோர் அறிவிப்பில் இரண்டு கீராத் குறையும் என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். இது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. வீட்டுக் காவலையும் இத்தேவைகளோடு ஒப்பிட்டு அறிஞர்கள் பலர் அனுமதித்துள்ளனர். பாலாற்றங்கரையில் தென்னந்தோப்பும் ஆட்டுப்பட்டியும் வைத்திருப்பவரின் நிலை வேறு. சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் இரண்டு அறை வீட்டில், ஆசைக்காக மட்டும் வளர்ப்பவரின் நிலை வேறு.

சுத்தம் குறித்தும் முன்பே தெளிவு வேண்டும். ஷாஃபி மத்ஹபில் நாயின் உடல் முழுவதுமே நஜீஸ். ஹனஃபி மத்ஹபின் வலுவான கருத்துப்படி எச்சில்தான் நஜீஸ், உடலும் முடியும் அல்ல. எப்படியானாலும் தொழும் இடம், பாத்திரம், உடை ஆகியவற்றிலிருந்து விலக்கி வைக்க வெளியே தனி இடம் தேவை. உங்கள் வீட்டு நிலைமையைச் சொல்லி ஜமாஅத் ஆலிமிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

யார் கவனிப்பது?

நம் பகுதியில் ஷூ கம்பெனிக்கும் தோல் தொழிற்சாலைக்கும் காலையில் கிளம்பும் பெற்றோர் இருட்டிய பிறகே வீடு திரும்புகிறார்கள். பிள்ளைகள் பள்ளியிலும் மதரஸாவிலும் இருப்பார்கள். பகல் முழுவதும் அந்த நாய் சங்கிலியில் கட்டிக் கிடக்கும். பூனையைக் கட்டிப்போட்டு, உணவும் கொடுக்காமல், தானாக இரை தேடவும் விடாத பெண் அதற்காகத் தண்டிக்கப்பட்டதை ஹதீஸில் படித்திருக்கிறோம். வாயில்லா ஜீவனை வீட்டுக்குக் கொண்டு வந்தால் அது அமானிதம். அதன் பசிக்கும் தாகத்திற்கும் நாம்தான் பொறுப்பு.

நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உயிர் வாழும். எட்டு வயதுப் பிள்ளையின் ஆசை சில மாதங்களில் தணியலாம். பிறகு சோறு வைப்பதும் கழிவை அள்ளுவதும் பெரியவர்கள் தலையில்தான் விழும். "நான் பாத்துக்கிறேன்" என்று பிள்ளை தரும் வாக்கை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

பிள்ளைகளின் பாதுகாப்பு

2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கம் பூங்காவில், வீட்டில் வளர்க்கப்பட்ட இரண்டு ராட்வைலர் நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. ஆகவே பழகிய நாய்தானே என்று சிறு பிள்ளையை அதனிடம் தனியே விடக் கூடாது. அது உண்ணும்போதும், உறங்கும்போதும், குட்டிகளோடு இருக்கும்போதும் தொடக் கூடாது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.

வெறிநோய் இன்னொரு கவலை. அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. ஆனால் உடனே சிகிச்சை எடுத்தால் தடுத்துவிடலாம். தெருவில் எடுத்த குட்டிக்கும் இந்நோய் இருக்கலாம். கடித்தாலோ, பல், நகம் பட்டுக் கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தடுப்பூசியின் எல்லாத் தவணைகளையும் முடிக்க வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு வைத்துக் காலம் தாழ்த்தாதீர்கள். திட்டு விழும் என்று பயந்து பிள்ளைகள் காயத்தை மறைப்பது உண்டு. "எங்க கடிச்சாலும் சொல்லு, திட்ட மாட்டோம்" என்று முன்பே சொல்லி வையுங்கள்.

தேவைக்காக வளர்ப்பவர்கள், குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் கால்நடை மருந்தகத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, மருத்துவர் சொல்லும்படி ஆண்டுதோறும் தொடர வேண்டும்.

வளர்க்க இயலாது என்றால்?

பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே நேர்மையான பதிலாக இருக்கும். பிள்ளையிடம் காரணத்தைச் சொல்லுங்கள். குட்டியை எடுத்த இடத்தில் தாய் நாய் இருக்கும். பெரியவர் ஒருவர் அங்கேயே கொண்டுபோய் விடட்டும். பிள்ளையின் கைகளைச் சோப்பால் கழுவி, கீறல் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டில் வளர்க்காததால் இரக்கம் காட்டக் கூடாது என்பதில்லை. தாகத்தால் நாக்கைத் தொங்கவிட்ட நாய்க்குக் காலணியில் நீர் மொண்டு கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டதாக நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். அவர் அந்த நாயை வீட்டில் வளர்த்தவர் அல்ல. வேலூர், ஆம்பூர் வெயிலில் வாசலுக்கு வெளியே ஒரு பழைய சட்டியில் தண்ணீர் வைப்பதும், கல்லெறியும் பிள்ளைகளைத் தடுப்பதும் நம்மால் முடிந்தவை. தெருநாய்கள் பெருகிவிட்டால், விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் 2023-இன்படி கருத்தடையும் தடுப்பூசியும் செய்யும் பொறுப்பு உள்ளாட்சி அமைப்புக்கு உண்டு. ஜமாஅத் வழியாக ஊராட்சியிலோ நகராட்சியிலோ மனு கொடுக்கலாம்.

நாய்க்குட்டியை ஏந்தி வந்த பிள்ளையின் மனதில் இருப்பது இரக்கம். நாய் வேண்டாம் என்று நாம் சொல்லலாம். அந்த இரக்கத்தை வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது. வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளை எல்லா உயிர்களிடத்தும் கருணை உள்ளவர்களாக ஆக்குவானாக. ஆமீன்.