நள்ளிரவிலும் மறையாத சூரியன்

கடிகாரம் நள்ளிரவு பன்னிரண்டரை மணியைக் காட்டுகின்றது. கடற்கரையில் பிள்ளைகள் ஓடி விளையாடிக் கொண்டிருக்கின்றனர். தந்தை தூண்டிலை எறிந்துவிட்டுப் பாறையில் அமர்ந்திருக்கிறார். தாய் கரி அடுப்பில் மீன் சுடுகிறாள். விளக்கு எதுவும் ஏற்றப்படவில்லை. தேவையுமில்லை! வடக்கே, அடிவானத்துக்குச் சற்று மேலே, பொன்தட்டுப் போலச் சூரியன் நிற்கின்றது.

இது கதையல்ல. நோர்வே நாட்டின் வடபகுதியிலுள்ள ட்ரொம்ஸோ என்னும் ஊரில் கோடை தோறும் காணப்படும் காட்சியே இது. அங்கு மே மாதம் 20ஆம் திகதியளவில் உதிக்கும் சூரியன் ஜூலை 22ஆம் திகதியளவில்தான் மறைகின்றது. இரண்டு மாதங்களுக்கு ஒரே பகல்! இன்னும் வடக்கே, 71 பாகையிலுள்ள நோர்த்கப் முனையில் இது ஜூலை இறுதி வரை நீடிக்கும். ஸ்வல்பார்ட் தீவுகளிலோ ஏப்ரலில் தொடங்கி ஆகஸ்ட் வரை நான்கு மாதங்கள் இரவே கிடையாது.

ஏன் இப்படி?

பூமி தன் பாதையில் நிமிர்ந்து சுழல்வதில்லை. ஏறத்தாழ 23.4 பாகை சரிந்தே சுழல்கின்றது. ஜூன் மாதத்தில் அதன் வடதலை சூரியனை நோக்கிச் சாய்ந்திருக்கும். அதனால் 66.5 பாகைக்கு வடக்கேயுள்ள இடங்கள், பூமி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி முடித்தாலும் ஒளியை விட்டு விலகுவதில்லை. டிசம்பரில் இதற்கு நேர்மாறு. ட்ரொம்ஸோவில் நவம்பர் பிற்பகுதி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் தலைகாட்டுவதேயில்லை. நடுப்பகலில் சில மணி நேரம் நீல நிற மங்கல் வெளிச்சம் மட்டுமே தெரியும்.

கோடையிலும் சூரியன் ஒரே இடத்தில் நிற்பதாக எண்ணிவிடக் கூடாது. அது வானத்தைச் சுற்றி வருகின்றது. நடுப்பகலில் தெற்கே உயர்ந்து நிற்கும். பின்னர் மேற்கே சரிந்து, நள்ளிரவில் வடக்கே மிகத் தாழ்ந்து, தரையைத் தொடாமலே மீண்டும் மேலெழும்பும்.

வெளிச்சத்தைச் சேமிக்கும் மக்கள்

நீண்ட இருளைக் கண்ட மக்களுக்கே ஒளியின் அருமை தெரியும். ஜனவரி 21ஆம் திகதியளவில் மலைகளுக்கு மேலே சூரியன் மீண்டும் முகம் காட்டும்போது ட்ரொம்ஸோ மக்கள் 'சூரிய பணிஸ்' எனும் இனிப்புப் பண்டம் உண்டு மகிழ்வர். கோடை வந்துவிட்டாலோ வீட்டுக்குள் இருக்கவே மனம் வராது. வேலை முடிந்த பின் மாலை எட்டு மணிக்கு மலையேறப் புறப்படுவோர் உண்டு. நகருக்கு எதிரேயுள்ள 421 மீற்றர் உயரமான மலைமேடைக்குக் கேபிள் காரிலும் செல்லலாம். நேபாளத்து ஷேர்ப்பாக்கள் கட்டிக் கொடுத்த கற்படிகளில் ஏறியும் செல்லலாம். 1990 முதல் ஜூன் மாதத்தில் நள்ளிரவுச் சூரிய மரதன் ஓட்டமும் அங்கு நடைபெற்று வருகின்றது.

சுற்றுலா செல்லும் குடும்பங்களுக்கு நோர்வேயின் சட்டமும் துணை நிற்கின்றது. பயிரிடப்படாத நிலத்தில், அது எவருக்குச் சொந்தமானதாயினும், நடக்கவும் தங்கவும் சகலருக்கும் உரிமையுண்டு. 1957இல் இது எழுத்துச் சட்டமாக்கப்பட்டது. குடியிருக்கும் வீட்டிலிருந்து குறைந்தது 150 மீற்றர் தள்ளிக் கூடாரம் அடிக்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு நாட்களுக்கு மேல் தங்குவதாயின் பொதுவாக அனுமதி பெற வேண்டும். ஏப்ரல் 15 முதல் செப்டெம்பர் 15 வரை காட்டிலோ காட்டருகிலோ தீ மூட்டுவது தடை. கரையோரம் போன்ற ஆபத்தில்லாத இடங்களே இதற்கு விலக்கு. உரிமையுடன் பொறுப்பும் சேர்ந்தே வருகின்றது!

முஸ்லிம் குடும்பங்களுக்கு இன்னுமொரு வசதியுண்டு. கடலில் பிடிக்கும் மீன் ஹலாலானது. உணவைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் வெயிலைக் கண்டு ஏமாறக் கூடாது. நள்ளிரவில் பத்துப் பாகைக்குக் கீழும் குளிர் இறங்கும். காற்றுத் தடுக்கும் மேலாடை பிள்ளைகளுக்குக் கட்டாயம். உள்நாட்டுப் பக்கம் சென்றால் நுளம்புத் தொல்லையும் சேரும்.

மஃரிப் எப்போது?

இங்கேதான் ஒரு முஸ்லிமின் உள்ளத்தில் கேள்வி எழுகின்றது. சூரியன் மறையாவிட்டால் மஃரிப் எது? செவ்வானம் மங்காவிட்டால் இஷா எது? வைகறை தோன்றாவிட்டால் ஸுபஹ் எது?

ளுஹருக்கும் அஸருக்கும் சிக்கல் இல்லை. நடுப்பகல் உச்சமும், நிழல் நீள்வதும் அங்கும் உண்டு. ஏனைய மூன்றுக்குமே அடையாளம் இல்லை.

இந்தக் கேள்வி புதியதல்ல. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் அப்பாஸிய கலீபா முக்ததிரின் தூதுக்குழுவில் சென்ற அஹ்மத் இப்னு பழ்லான், கி.பி. 922இல் வொல்கா நதிக்கரையின் பல்கார் நாட்டை அடைந்தார். அங்கு சூரியன் மறையும். ஆனால் கோடை இரவு மிகக் குறுகியது. இஷாவின் அதானை எதிர்பார்த்துக் கூடாரத்தில் ஒருவருடன் சற்று நேரம் பேசிக் கொண்டிருந்தார். அதான் கேட்டு வெளியே வந்தால், அது ஸுபஹுக்குரிய அதான்! காலைத் தொழுகை தவறிவிடுமோ என்ற அச்சத்தில் தாம் ஒரு மாதமாக இரவில் உறங்கவேயில்லை என்று முஅத்தின் அவரிடம் கூறியதாக இப்னு பழ்லான் எழுதி வைத்துள்ளார்.

இதற்கான வழிகாட்டலை நபி (ஸல்) அவர்களின் வாக்கிலேயே உலமாக்கள் கண்டனர். தஜ்ஜாலின் காலத்தில் ஒரு நாள் ஓர் ஆண்டு போல நீளும் என்று நபியவர்கள் கூறியபோது, அந்நாளுக்கு ஒரு நாளின் தொழுகை போதுமா என ஸஹாபாக்கள் வினவினர். போதாது, நேரத்தைக் கணித்துத் தொழுங்கள் என்பதே பதிலின் சாரம். ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியுள்ளது. அந்தத் தோழர்கள் நாள் ஏன் நீள்கின்றது என்று கேட்கவில்லை. தொழுகை என்னாகும் என்றே கேட்டனர்!

எவ்வாறு கணிப்பது என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இரவு பகல் பிரித்தறியக்கூடிய அண்மைய ஊரின் நேரத்தைப் பின்பற்றுவது ஒரு முறை. மக்காவின் நேரத்தைப் பின்பற்றுவது இன்னொன்று. ட்ரொம்ஸோவில் சோமாலியா முதலிய நாடுகளிலிருந்து வந்து குடியேறிய முஸ்லிம்கள் வாழ்கின்றனர். சூரியன் மறையாத நாட்களில் மக்காவின் நேர அட்டவணையை அங்கு பின்பற்றி வந்துள்ளனர். 2016இல் ரமழான் ஜூனில் வந்தது. மக்காவின் நேரப்படி நோன்பு நோற்றவர்களுக்கு அது சுமார் 15 மணி நேரமாக அமைந்தது.

கனடாவின் வடகோடியிலுள்ள இனுவிக் ஊரில் 'நள்ளிரவுச் சூரியப் பள்ளிவாசல்' என்றே ஒரு பள்ளிவாசல் உண்டு. வின்னிபெக் நகரில் கட்டப்பட்டு, சுமார் 4000 கிலோமீற்றர் தூரம் லொறியிலும் ஆற்றுத் தெப்பத்திலும் ஏற்றிச் செல்லப்பட்டு, 2010இல் அங்கு திறக்கப்பட்டது. அவ்வூரார் தெற்கேயுள்ள எட்மன்டன் நகரின் நேரத்தைப் பின்பற்றுகின்றனர். அங்கு சுற்றுலா செல்வோரும் தமக்கெனத் தனிவழி தேடாமல் உள்ளூர்ப் பள்ளிவாசலின் அட்டவணையைக் கேட்டறிந்து நடப்பதே சிறந்தது.

இரவும் ஓர் அருட்கொடை

அங்குள்ள பெற்றோருக்குப் பெரும்பாடு பிள்ளைகளை உறங்க வைப்பதாகும். வெளியே வெயில் எறிக்கும்போது எந்தப் பிள்ளைதான் படுக்கைக்கு வரும்? இருள் படரும்போதுதான் உடல் தூக்கத்துக்குத் தயாராகின்றது. ஆகவே கறுப்புத் திரைகளால் ஜன்னலை மூடி, செயற்கையாக ஓர் இரவைச் செய்துகொள்கின்றனர்.

ஸூரத்துல் கஸஸின் 71ஆம், 72ஆம் வசனங்கள் நினைவுக்கு வருகின்றன. மறுமை நாள் வரை இரவையே நிலைக்கச் செய்தால் ஒளியைக் கொண்டு வருபவன் யார், பகலையே நிலைக்கச் செய்தால் நீங்கள் ஓய்வு பெற இரவைக் கொண்டு வருபவன் யார் என்று அல்லாஹ் வினவுகின்றான். அவ்விரண்டின் சாயலையும் ஒரே ஆண்டில் காணும் மக்கள் துருவத்தை அண்டி வாழ்கின்றனர். ஸுப்ஹானல்லாஹ்!

ட்ரொம்ஸோவின் கோடை நள்ளிரவில் ஒருவர் கடற்கரையில் தொழ நின்றால், கிப்லா தெற்கே, சற்றுக் கிழக்கு ஒட்டியிருக்கும். வடக்கே நிற்கும் சூரியன் அவருக்குப் பின்னால். அவரது நீண்ட நிழல் ஸஜ்தா செய்யும் பக்கமாக விழும். வானம் அவருக்கு நேரம் சொல்லவில்லை. ஆயினும் அவர் கணித்து, காத்திருந்து, எழுந்து நிற்கிறார்.

எமக்கோ சூரியன் நாள்தோறும் மறைந்து, மஃரிபின் நேரத்தைத் தவறாமல் அறிவிக்கின்றது. அடையாளம் இல்லாதவர் தேடிப் பிடித்துத் தொழும்போது, அடையாளம் கண்முன்னே இருந்தும் பிற்படுத்தும் நாம் என்ன பதில் சொல்லப் போகிறோம்?