குறைந்த எடை திரும்பி வராமலிருக்க

உடல் எடையைக் குறைப்பது அத்தனை கடினமன்று. இரண்டு வாரம் அரை வயிறு உண்டால் எவருக்கும் எடை குறையும். குறைந்த எடை அடுத்த ஆண்டும் அப்படியே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பெரும்பாலோருக்கு இருப்பதில்லை. "வாயைக் கட்டத் தெரியவில்லை" என்று அவர்களை நாம் எளிதில் குறை கூறிவிடுகிறோம். அது முழு உண்மையன்று. நம் உடல் எவ்வாறு இயங்குகிறது என்பதையும் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் ஐரோப்பாவில் பட்டினியால் மெலிந்த மக்களை எப்படி உணவளித்துத் தேற்றுவது என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடை காண அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற அறிஞர் 1944-ஆம் ஆண்டு நவம்பரில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். உடல்நலம் மிக்க 36 இளைஞர்கள் தாமாகவே முன்வந்தனர். 24 வாரங்கள் அவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 1,570 கலோரி அளவே உணவு கொடுக்கப்பட்டது. ரொட்டி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு போன்றவைதாம். அவர்கள் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. அதோடு நாடித்துடிப்பும் குறைந்தது. வெயில் காலத்திலும் குளிர்கிறது என்றார்கள். எந்நேரமும் உணவைப் பற்றியே பேச்சு. சமையல் புத்தகங்களைக் கதைப் புத்தகம் போலப் படித்தவர்களும் உண்டு! ஆய்வு முடிந்து வேண்டிய மட்டும் உண்ணலாம் என்றதும், வயிறு நிறைந்த பின்னும் அவர்களுக்குப் பசி அடங்கவில்லை. உடலில் கொழுப்பு முன்பு இருந்த அளவையும் தாண்டிச் சேர்ந்தது. இன்று மெலிவதற்கென்று கைப்பேசியில் வரும் உணவுப் பட்டியல்கள் பல 1,200 கலோரிதான் தருகின்றன. அந்த இளைஞர்கள் ஆண்கள், நிறைய நடந்தவர்கள் என்பதைக் கணக்கில் கொண்டாலும், இது யோசிக்க வேண்டிய எண்ணிக்கையே.

இதற்குக் காரணம் என்ன? பட்டினியை நம் உடல் ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. நாம் புதுச் சுடிதாருக்காக மெலிகிறோமா, ஊரில் பஞ்சமா என்று அதற்குத் தெரியாது. கொழுப்புச் செல்களிலிருந்து சுரக்கும் லெப்டின் என்னும் இயக்குநீர், "சேமிப்பு இருக்கிறது, போதும்" என்று மூளைக்குச் செய்தி சொல்கிறது. 1994-இல் கண்டறியப்பட்டது இது. கொழுப்புக் கரைந்தால் லெப்டினும் குறைந்துவிடும். இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்பதோ பசியைத் தூண்டும். எடை குறைந்தால் இது கூடும். இவற்றோடு, வேகமாக மெலியும்போது தசையும் கரைவதால் உடல் சும்மா இருக்கும்போது செலவழிக்கும் சக்தியும் குறைந்துவிடுகிறது. வரவைக் கூட்டு, செலவைக் குறை என்று சிக்கனமான குடும்பத் தலைவி போல உடல் நடந்துகொள்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் மிக விரைவாக மெலிந்த 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துச் சோதித்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். 13 பேருக்கு எடை திரும்பக் கூடியிருந்தது. அவர்கள் உடல் நாளொன்றுக்கு எதிர்பார்த்ததைவிடச் சராசரியாக 500 கலோரி குறைவாகவே செலவிட்டது. ஆறு ஆண்டுகள் கழித்தும்!

ஆகவே நம்மால் எத்தனை நாள் கடைப்பிடிக்க முடியும் என்பதே ஓர் உணவு முறைக்கு முதல் தேர்வு. இதை எங்கள் வீட்டிலேயே கண்டோம். சென்ற ஆண்டு டாக்டர் என் அம்மாவைச் சோதித்துவிட்டு, "சர்க்கரை நோய் வாசல் வரை வந்துவிட்டது, எடையைக் குறையுங்கள்" என்றார். அம்மா மூன்று வாரம் கொள்ளுக் கஞ்சி மட்டும் குடித்தார்கள். நான்கு கிலோ குறைந்தது. ஆனால் எங்களுக்குச் சாம்பாரும் அப்பளமும் வைத்துவிட்டுத் தான் மட்டும் கஞ்சியோடு உட்கார்ந்திருப்பது எத்தனை நாளைக்கு நடக்கும்? கிறிஸ்துமஸுக்குள் நான்கும் வந்துவிட்டது. பிறகு நாங்கள் தனிச் சமையல் என்பதையே விட்டுவிட்டோம். எல்லோருக்கும் ஒரே சமையல், அதில்தான் மாற்றம்.

முதலில் சீனி. ஒரு டம்ளர் காப்பிக்கு இரண்டு தேக்கரண்டி வீதம் நாளைக்கு மூன்று டம்ளர் என்றால் ஆறு தேக்கரண்டி, அதாவது 30 கிராம். ஆண்டு முழுவதும் கணக்கிட்டால் ஏறத்தாழ 11 கிலோ! நான் போட்டுக் காட்டிய இந்தக் கணக்கை அப்பா நம்பாமல் தாமும் ஒரு முறை போட்டுப் பார்த்தார். ஒரேயடியாக நிறுத்தாமல் மாதத்திற்கு அரைத் தேக்கரண்டியாகக் குறைத்தோம், நாக்கு பழகிவிட்டது. அடுத்தது எண்ணெய். மாவுப்பொருளும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தர, கொழுப்பு மட்டும் 9 தருகிறது. நால்வர் உள்ள எங்கள் வீட்டில் மாதம் 4 லிட்டர் செலவான எண்ணெய் இப்போது இரண்டரை லிட்டரோடு நிற்கிறது. பாத்திரத்தில் நேரே சாய்க்காமல் கரண்டியால் அளந்து ஊற்றியதே இதற்குப் போதுமானதாக இருந்தது.

சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறினால் மெலியலாம் என்று பலர் நம்புகிறார்கள். நூறு கிராம் அரிசியும் நூறு கிராம் கோதுமை மாவும் ஏறத்தாழ ஒரே அளவு சக்தியைத்தான் தருகின்றன. கேழ்வரகும் அப்படியே. கோதுமையிலும் கேழ்வரகிலும் நார்ச்சத்து அதிகம், அது நல்லதே. ஆனால் எண்ணெய் தடவிய ஐந்து சப்பாத்தி இரண்டு கரண்டிச் சோற்றைவிடக் குறைவாகிவிடாது. எங்கள் வீட்டில் சோறு போகவில்லை. தட்டில் அதன் இடம் சுருங்கியிருக்கிறது. கீரையும் பொரியலும் தட்டில் பாதியை நிரப்பிய பிறகே சோறு. பருப்போ முட்டையோ மீனோ ஒன்று தவறாமல் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குத் தடையில்லை. மாலையில் அம்மா அரை மணி நேரம் நடக்கிறார்கள். பத்து மாதத்தில் ஐந்து கிலோதான் குறைந்தது. ஆனால் போனது வரவில்லை.

தராசு முள் அசையவில்லை என்று மனம் தளர்பவர்களுக்கு ஒரு செய்தி. சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோய் வரக்கூடிய நிலையில் இருந்த 531 பேரை ஆராய்ந்து 2006-இல் முடிவை வெளியிட்டனர். உணவு மாற்றமும் நடையும் மேற்கொண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்கள் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவேயில்லை.

இதெல்லாம் பெரியவர்களுக்கு. நம் வயதிற்குக் கணக்கு வேறு. மதிய உணவு டப்பாவைத் திறக்காமலே வீட்டிற்குக் கொண்டு போகும் தோழியர் நம்மில் உண்டு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை இருந்தது. எலும்பில் சுண்ணாம்புச் சத்தின் பெரும்பகுதி சேர்வதும் இந்த ஆண்டுகளில்தான். உண்மையிலேயே எடை மிகுதி என்று தோன்றினால் அம்மாவுடன் டாக்டரிடம் போவதே முறை. உயிர்த்தோழி சொன்ன பட்டியல் வேண்டாம். இடைவேளைக்கு முறுக்குப் பொட்டலம் வாங்குவதற்குப் பதில் சுண்டல் கொண்டு வரலாம். பசியும் அடங்கும், புரதமும் இரும்பும் சேரும். மேலே எலுமிச்சம் பழம் பிழிந்துகொண்டால் அந்த இரும்பு உடலில் நன்றாக ஒட்டும். காலையில் நேரமில்லை என்று சொல்ல வேண்டியதில்லை. இரவு படுக்கப் போகுமுன் ஒரு கைப்பிடிக் கொண்டைக்கடலையை நாமே ஊறப் போட்டுவிடலாம்.