உரிமமா, அனுபவமா? விமானி வேலைக்கு எது முக்கியம்?

“சார், விமானி உரிமம் எடுத்துவிட்டால் வேலை கிடைத்துவிடும்தானே?”

ஆயர் ஈத்தாமில் அறிவியல் பாடம் முடிந்த வேளையில் படிவம் ஐந்து மாணவர் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். இங்கிருந்து செனாய் விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். தலைக்கு மேல் விமானங்களைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு இந்த ஆசை வருவது இயல்பு.

ஆனால் கேள்வி சின்னதல்ல. நம் நாட்டில் விமானிப் பயிற்சிக்கு இரண்டு லட்சம் ரிங்கிட்டுக்கும் மேல் செலவாகும். பெற்றோர் கடன் வாங்கிப் படிக்க வைத்தும், பயிற்சி முடித்துவிட்டு வேலைக்காகக் காத்திருக்கும் இளைஞர்கள் உண்டு. அதனால், பணம் கட்டும் முன்பே விடை தெரிந்திருக்க வேண்டும்.

உரிமத்தில் எத்தனை வகை?

சாலையை எடுத்துக்கொள்வோம். புதிதாகக் கார் உரிமம் எடுத்தவர் இரண்டு ஆண்டுகள் ‘பி’ ஒட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும். அதே உரிமத்தை வைத்துக்கொண்டு அவர் விரைவுப் பேருந்து ஓட்ட முடியாது. அதற்குத் தனி உரிமம் வேண்டும்.

வானத்திலும் இப்படித்தான். அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு மூன்று முக்கியப் படிகளை வகுத்திருக்கிறது. முதல் படி தனியார் விமானி உரிமம். இதற்குப் பொதுவாகக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். இதை வைத்துச் சம்பளத்துக்கு விமானம் ஓட்டக்கூடாது. இரண்டாவது வணிக விமானி உரிமம். இதற்கு 200 மணி நேரம். அங்கீகரிக்கப்பட்ட முழுநேரப் பயிற்சியாக இருந்தால் 150 போதும். அதில் 540 கிலோமீட்டர் நீளமான ஒரு பயணமும் அடங்கும். அது ஏறக்குறைய செனாயிலிருந்து கோத்தா பாரு வரை உள்ள வான்தொலைவு. மூன்றாவது, விமான நிறுவன விமானி உரிமம். இதற்கு 1,500 மணி நேரம் வேண்டும். பெரிய பயணிகள் விமானத்தின் தலைமை விமானிக்கு இந்த உரிமம் தேவை.

கவனித்தீர்களா? மேல் படி உரிமமே பறந்த மணி நேரத்தால் ஆனது. உரிமமும் அனுபவமும் முழுக்க வேறு வேறு அல்ல.

இவற்றோடு ‘ரேட்டிங்’ எனப்படும் தகுதிகளும் சேரும். மேகத்துக்குள் வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவது ஒரு தகுதி. ஏர்பஸ் ஏ320, போயிங் 737, ஏடிஆர் 72 போன்ற ஒவ்வொரு விமான வகைக்கும் தனித்தனித் தகுதி உண்டு.

முட்டையா, கோழியா?

வணிக உரிமம் பெற்ற ஒருவரிடம் சுமார் 200 மணி நேரம்தான் இருக்கும். அனுபவம் உள்ளவரைத் தேடும் நிறுவனம் அவரைத் திருப்பி அனுப்பிவிடும். வேலை இல்லாமல் மணி நேரம் சேராது. மணி நேரம் இல்லாமல் வேலை கிடைக்காது.

இந்தச் சுழலிலிருந்து வெளியே வர இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, பயிற்றுநராகச் சேர்ந்து, மற்றவருக்குக் கற்றுக்கொடுத்தபடியே மணி நேரம் சேர்ப்பது. மற்றொன்று, நிறுவனங்கள் நடத்தும் பயிற்சி விமானித் திட்டத்தில் இடம் பெறுவது. இதில் சேர்ந்தவர், அனுபவம் மிக்க தலைமை விமானியின் அருகில் துணை விமானியாக அமர்ந்து கற்றுக்கொள்வார்.

மணி நேரம் மட்டும் போதுமா?

முதலில் வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். மின்விசிறிக்கு எதிரே கெட்டியான அட்டையைக் கிடையாகப் பிடியுங்கள். முன் விளிம்பைச் சற்று உயர்த்தினால் அட்டை மேலே எழ முயலும். மேலும் மேலும் உயர்த்தினால் ஒரு கட்டத்தில் அது மேலே எழுவதை விட்டு, பின்னால் மட்டுமே தள்ளப்படும். விமான இறக்கையும் அப்படித்தான். காற்றைச் சந்திக்கும் கோணம் அளவு மீறினால் காற்றோட்டம் இறக்கையை விட்டு விலகும், தூக்குவிசை குறையும். அப்போது மூக்கைக் கீழே இறக்க வேண்டும். மேலே இழுக்கக் கூடாது.

2009 பிப்ரவரி 12இல் அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் தரையிறங்க வந்தபோது வேகம் குறைந்தது. எச்சரிக்கையாகக் கட்டுப்பாட்டுத் தண்டு அதிர்ந்தது. தலைமை விமானி அதை முன்னால் தள்ளாமல் பின்னால் இழுத்தார். விமானம் விழுந்து 50 பேர் இறந்தனர். அதன் பிறகு, துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும் என்ற விதி 2013இல் அங்கு நடைமுறைக்கு வந்தது. ஆனால் தலைமை விமானி 3,000 மணி நேரத்துக்கும், துணை விமானி 2,000 மணி நேரத்துக்கும் மேல் பறந்தவர்கள்! புதிய விதி அன்றே இருந்திருந்தாலும், மணி நேரக் கணக்கில் இருவரும் தேறியிருப்பார்கள்.

அதே ஆண்டு ஜனவரி 15இல் நியூயார்க்கில் பறவைகள் மோதி, ஒரு ஏ320 விமானத்தின் இரண்டு இயந்திரங்களும் உந்துவிசையை இழந்தன. தலைமை விமானி சல்லன்பெர்கர் அதை ஹட்சன் ஆற்றில் இறக்கினார். 155 பேரும் பிழைத்தனர். அவர் 19,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். துணை விமானி ஜெஃப் ஸ்கைல்ஸோ மொத்தம் 15,000 மணி நேரத்துக்கு மேல் பறந்திருந்தாலும் ஏ320இல் 37 மணி நேரமே பறந்திருந்தார். ஆனால் அந்த வகைக்கான பயிற்சியை அண்மையில்தான் முடித்திருந்தார்.

இரண்டு நிகழ்வுகளும் சொல்வது ஒன்றுதான். எத்தனை மணி நேரம் என்பதோடு, அந்த நேரத்தில் என்ன கற்றோம், அது இன்னும் கைப்பழக்கத்தில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அதனால்தான் கடந்த 90 நாளில் மூன்று முறையாவது விமானத்தை ஏற்றி இறக்கியிருக்க வேண்டும் என்ற விதி உள்ளது. பாவனைக் கருவியில் ஆபத்துகளை உண்டாக்கி விமானிகளை அடிக்கடி சோதிப்பதும் இதற்காகத்தான்.

அந்த மாணவருக்கு என் பதில்

உரிமம் ஒரு வாசல். சரியான உரிமம் இல்லாதவரின் விண்ணப்பத்தை எந்த நிறுவனமும் பார்க்காது. வாசலைத் தாண்டியவர்களில் யாரை எடுப்பது என்னும்போது அனுபவம் பேசும். அந்த அனுபவம் உண்மையானதா என்பதைப் பாவனைக் கருவித் தேர்வு காட்டிவிடும். முதல் வேலைக்கு உரிமமும் தகுதிகளும் முக்கியம். அடுத்தடுத்த உயர்வுக்கு அனுபவம் முக்கியம்.

விமானியாக விரும்பும் மாணவர்களே, எஸ்.பி.எம் தேர்வில் இயற்பியல், கணிதம், ஆங்கிலம் மூன்றிலும் கவனம் வையுங்கள். பயிற்சிக்குப் பணம் கட்டும் முன், விமானிகளுக்கான முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். பயிற்சிக் கழகத்தை மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் அங்கீகரித்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அங்கே இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: “முடிவில் எந்த உரிமமும் எந்தத் தகுதிகளும் கிடைக்கும்? இங்கே படித்தவர்கள் இப்போது எங்கே பறக்கிறார்கள்?”

இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால், அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.