மாட்டின் வயிற்றுக்கு ஒரு மூலிகை உருண்டை

சேலம், நாமக்கல் சமவெளியில் கறவை மாடுகளுக்கு வரும் வயிற்றுக் கோளாறுகள் பல, தொற்றால் வருவன அல்ல. அந்த நிலத்தில் விளைவதையே அளவு மீறியோ பருவம் தவறியோ மாடு தின்றுவிடுவதால் வருவன. ஆகவே அவற்றுக்கான கைமருந்தைப் பற்றிப் பேசுமுன், மாட்டின் வயிறு இயங்கும் விதத்தை அறிந்துகொள்வது நல்லது.

நான்கு அறைகளைக் கொண்ட அந்த வயிற்றில் முதலாவதும் மிகப் பெரியதுமான அசையூண் இரைப்பை, வளர்ந்த பசுவில் 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். அதனுள் வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களே வைக்கோலையும் சோளத்தட்டையும் நொதிக்கச் செய்து பசுவுக்கு உணவாக்குகின்றன. நொதித்தலில் ஓயாமல் உண்டாகும் வாயு ஏப்பமாக வெளியேறாமல் தேங்கும்போது, இடது விலாவுக்குப் பின்னுள்ள பள்ளம் மேடிட்டு, தட்டினால் தப்பட்டை போல் ஒலிக்கும். இதுவே வயிறு உப்புசம் எனப்படுகிறது. நலமான மாட்டில் அதே இடத்தில் கைமுட்டியை அழுத்தி வைத்திருந்தால், நிமிடத்திற்கு ஒன்றிரண்டு முறை இரைப்பை புரண்டு கையைத் தள்ளுவது தெரியும். அந்த அசைவு குறைந்து, மாடு அசைபோடுவதை நிறுத்தி, தீவனத்தை முகர்ந்துவிட்டு விலகுமானால் செரியாமை தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

மூலிகை மருந்து இந்தத் தொடக்க நிலைக்கே உரியது. உழவர்களிடம் வழங்கிவந்த மாட்டு மருந்துகளைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் சார்பில் தஞ்சாவூரில் பேராசிரியர் புண்ணியமூர்த்தியும் அவருடன் பணியாற்றியவர்களும் தொகுத்து, அளவு வரையறுத்துப் பரப்பினர். தேசிய பால்வள வளர்ச்சி வாரியம் அம்முறைகளைப் பிற மாநிலங்களுக்கும் கொண்டு சென்றது. அவற்றுள் செரியாமைக்கும் உப்புசத்துக்கும் சொல்லப்படும் மருந்தில், ஒரு மாட்டிற்கு 10 வெற்றிலை, 100 கிராம் இஞ்சி, 10 மிளகு, 10 கிராம் மஞ்சள் ஆகியவற்றோடு சீரகம், பூண்டு, வெங்காயம், பிரண்டைக் கொழுந்து ஆகியன சேர்த்து அரைக்கப்பட்டு, பனைவெல்லத்தோடு பிசைந்து சிறு உருண்டைகளாக்கப்படுகின்றன. வெற்றிலை பரமத்திவேலூர்க் கொடிக்கால்களிலும், மஞ்சள் நாமகிரிப்பேட்டையிலும், மிளகு கொல்லிமலையிலும் விளைவதால், இம்மருந்துக்காக இவ்வட்டார உழவர் தொலைவு செல்ல வேண்டியதில்லை என்பது மகிழ்ச்சிக்குரியது.

உருண்டையைக் கல்லுப்பில் புரட்டி, நாக்கின் மேல் சிறிது சிறிதாகத் தேய்த்துக் கொடுப்பதில்தான் இம்முறையின் நுட்பம் இருக்கிறது. உப்பும் உறைப்பும் உமிழ்நீரைப் பெருக்குகின்றன. மாட்டின் உமிழ்நீரில் உள்ள பைகார்பனேட் உப்பு, இரைப்பையின் அமிலத்தைத் தணிக்கிறது. இதற்கு மாறாக, தலையை உயர்த்திப் பிடித்து மூங்கில் கொட்டத்தில் மருந்து ஊற்றும் பழைய வழக்கத்தில், நீர்மம் மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரல் அழற்சியை உண்டாக்கும் இடர் உள்ளதால், அந்த வழக்கம் கைவிடப்பட வேண்டியதே.

எல்லா வயிற்று நோய்க்கும் இந்த உருண்டை போதும் என்று நம்புவது மாட்டின் உயிரோடு விளையாடுவதாகும். பொங்கல் நாளில் அன்போடு அள்ளி வைக்கப்படும் சோற்றையும், சேகோ ஆலைகளில் மாவு எடுத்தபின் எஞ்சும் மரவள்ளித் திப்பியையும் மிகுதியாகத் தின்ற மாட்டின் இரைப்பையில் மாவுச்சத்து விரைந்து நொதித்து, லாக்டிக் அமிலம் பெருகி, அசைவே நின்றுவிடும். அந்த அளவு அமிலத்தை மூலிகை முறிக்காது. பூப்பதற்கு முந்தைய இளஞ்சோளம், மழையின்றி வாடிய சோளம், அறுத்த தாளில் துளிர்க்கும் மறுதாம்பு, மரவள்ளித் தழை, கிழங்குத் தோல் ஆகியவற்றிலோ சயனைடு நஞ்சை வெளிவிடும் பொருள் இருப்பதால், அவற்றைத் தின்ற மாடு மூச்சுத் திணறிச் சில நிமிடங்களிலேயே சாய்ந்துவிடக்கூடும். கால்நடை மருத்துவர் இரத்தநாளத்தில் செலுத்தும் சோடியம் தயோசல்பேட் போன்ற முறிமருந்தே அதற்குரியது, அம்மியைத் தேடும் நேரம் அங்கே கிடையாது.

உருண்டை கொடுத்தும் உப்புசம் வடியாவிட்டாலோ, மாடு மேற்கண்டவற்றைத் தின்றது தெரிந்தாலோ, உழவர்கள் தாமதிக்காமல் 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்க வேண்டும். மாடு என்ன தின்றது, எப்போது தின்றது, எந்த மருந்து கொடுக்கப்பட்டது என்ற மூன்றையும் வரும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.