மலையில் சிந்திய பாதரசம் மீனுக்குள் போவது எப்படி?

கொடைக்கானல் மேல்மலையில், கடலை விட்டு வெகுதூரம் தள்ளியிருக்கும் பூண்டி கிராமத்துக்கு, மீனில் சேரும் உலோகம் எங்கோ நடக்கிற சங்கதியாகத் தோன்றலாம். ஆனால் இதே மலையில்தான் இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலை, பாதரச மாசு காரணமாக 2001இல் மூடப்பட்டது. கொடைக்கானல் ஏரி மீன்களில் பாதரசம் இருப்பதை 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. உடைந்த தெர்மாமீட்டரிலிருந்து சிதறும் வெள்ளி மணி தரையில் உருண்டோடுமே தவிர, நீரில் கரையாதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மணி சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும். காற்றில் வேதிமாற்றமடைந்து மழையோடு இறங்கும். ஏரியின் அடிச்சேற்றில், ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. வினை இங்கேதான். பாசி அதை உறிஞ்சுகிறது. பாசியை நுண்ணிய மிதவை விலங்கும், அதைச் சிறுமீனும், சிறுமீனைப் பெருமீனும் தின்கின்றன. உள்ளே போவது வேகமாக, வெளியேறுவது மெதுவாக. ஆகவே ஒவ்வொரு படியிலும் செறிவு பெருகுகிறது.

கடலிலும் இதே கணக்குதான். குறுகிய காலமே வாழும் நெத்திலியில் குறைவாகவும், பல ஆண்டுகள் வேட்டையாடி வளர்ந்த சுறாவில் மிகுதியாகவும் பாதரசம் இருக்கும். நன்றாகக் கழுவி வேகவைத்தால் போகாதா? போகாது, அது தசைப் புரதத்தோடு பிணைந்திருக்கிறது. அதற்காக மீனையே ஒதுக்க வேண்டியதில்லை. அதன் சத்துக்கு ஈடு எளிதில் கிடைக்காது. கருவுற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சுறாவைத் தவிர்த்து, நெத்திலியும் மத்தியும் கொடுங்கள்.