ஏரி வாரியமும் ஜப்பானிய உடன்படிக்கையும்

விவசாயக் கொள்கையை அரசு மேலிருந்து வகுத்தால் மட்டும் போதாது, அதனை நிறைவேற்றும் அதிகாரமும் பொறுப்பும் கிராம சமுதாயத்திற்கும் வேண்டும் என்னும் தத்துவம், தென்னேரி வட்டாரத்திற்கு அருகிலுள்ள உத்திரமேரூரில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே சாசனமாகப் பொறிக்கப்பட்டுள்ளது.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் எழுந்த அக்கல்வெட்டுகளின்படி, ஊர்ப் பிரிவுகளான 30 குடும்புகளைச் சேர்ந்த தகுதியுடையோரின் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டு, விவரம் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்துத் தேர்ந்தவர்களுள் 6 பேர், 360 நாளுக்கு, ஏரியைப் பராமரிக்கும் குழுவாகிய ஏரி வாரியத்தின் பெருமக்களாக அமர்ந்தனர். பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரோடு அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியிழந்தனர். சதுர்வேதிமங்கலமாகிய அவ்வூரில், நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணருக்கே அவ்வுரிமை இருந்தது என்பதும் சரித்திர உண்மையே.

இதே தத்துவத்தையொட்டி ஜப்பானிலும், 2000-ஆம் ஆண்டு முதல், மலைப்பாங்கான பிரதேசங்களில் வயல்களைத் தரிசாக விடாமலும், வாய்க்கால்களையும் பாதைகளையும் தூர்ந்துபோக விடாமலும் காப்பதாகக் கிராமத்தார் ஒன்றுகூடி ஐந்தாண்டு உடன்படிக்கை செய்துகொண்டால், அரசாங்கம் நேரடியாக உதவித்தொகை வழங்கி வருகிறது.

தமிழ்நாட்டிலும், பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிப்பதற்கான 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைகின்றன. அவற்றின் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு, ஆயக்கட்டு விவசாயிகளின் கையில் உள்ளது.